கழுகின் எண்ணிக்கையோடு காரணத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் வாழும், செத்த விலங்குகளைத் தின்னும் பாறுக் கழுகுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். கணக்கெடுப்புக் குழுவினர் பாறைமேல் நின்று வானத்தைப் பார்க்கும் படமும், ‘அழியும் தருவாயில் உள்ள அரிய வகைக் கழுகுகள்’ என்ற தலைப்பும், எத்தனை பறவைகள் தென்பட்டன என்ற எண்ணிக்கையும் அதில் இருந்தன. அந்தப் பறவை எந்த வகைப்பாட்டில் இருக்கிறது, எதனால் அந்த வகைப்பாட்டுக்கு வந்து சேர்ந்தது, அந்தக் காரணம் இன்றும் நீடிக்கிறதா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தங்கள் நாளிதழ் மட்டும் இப்படி எழுதுவதாகச் சொல்ல வரவில்லை. தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலும் இதுவே வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தப் பறவையின் விஷயத்தில் விடுபட்டுப் போகும் அந்தப் பாதிதான் ஆடுமாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டோடும் தொடர்புடையது. ஈரோடு, நீலகிரி மாவட்டங்களில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டாலும் இடம் தந்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் உயிரினம் அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்றால் அது மிகச் சிலவே எஞ்சியிருக்கிறது என்றுதான் நம்மில் பலரும் புரிந்துகொள்கிறோம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் பராமரித்துவரும் சிவப்புப் பட்டியல் அந்தப் பொருளில் தயாரிக்கப்படுவதன்று. இதுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 45,000க்கும் மேற்பட்டவற்றை ‘அழிவாய்ப்புள்ளவை’, ‘அருகியவை’, ‘மிக அருகியவை’ என்னும் மூன்று படிகளில் வைத்திருக்கிறார்கள். இந்த மூன்று படிகளும் சேர்ந்ததுதான் அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்ற தொகுப்பு. இன்றைய நிலைமைகள் இப்படியே தொடர்ந்தால் அந்த இனம் குறிப்பிட்ட காலத்துக்குள் உலகிலிருந்து மறைந்துபோவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதே அந்த மதிப்பீட்டின் அடிப்படைக் கேள்வி. உரிய தரவுகள் இருந்து கணக்கிட முடிந்தால், பத்தாண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில் மறைந்துபோக 50 விழுக்காடு வாய்ப்பிருக்கும் இனம் மிக அருகியது; இருபது ஆண்டுகளில் அல்லது ஐந்து தலைமுறைகளில் 20 விழுக்காடு என்றால் அருகியது; நூறாண்டுகளில் 10 விழுக்காடு என்றால் அழிவாய்ப்புள்ளது. அப்படி நேரடியாகக் கணக்கிடும் அளவுக்குத் தரவுகள் கிடைப்பது அபூர்வம் என்பதால், வீழ்ச்சியின் வேகம், வாழிடத்தின் பரப்பு, அந்த வாழிடம் சிதறிக் கிடக்கும் விதம், இனப்பெருக்கம் செய்யும் வயதை எட்டியவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து வேறு நான்கு வழிகளிலும் மதிப்பிடுகிறார்கள். இவற்றில் ஏதேனும் ஒரு வழியில் எல்லையைத் தொட்டாலே போதும். எண்ணிக்கை குறைவாக இருப்பது அந்த வழிகளில் ஒன்று, அவ்வளவே.

வீழ்ச்சியின் வேகம் என்ற அளவுகோல்தான் பாறுக் கழுகுக்கு உரியது. அதனால்தான் இந்தப் பறவையை ‘அரிய வகை’ என்று எழுதும்போது அதன் கதை தலைகீழாகிவிடுகிறது. பாறுக் கழுகுகளில் ஒரு வகையான வெண்முதுகுப் பாறு 1980களில் உலகின் பெரிய வேட்டைப்பறவைகளிலேயே எண்ணிக்கையில் மிகுந்ததாக இருக்கக்கூடும் என்று பறவையியலாளர்கள் கருதிய இனம். செத்த மாட்டைத் தூக்கிப் போடும் ஊர்ப்புறத் திடல்களிலும், தோல் உரிக்கும் இடங்களிலும், மாநகரங்களின் பெரிய மரங்களிலும் அது கூட்டமாக இருந்தது. ராஜஸ்தானின் பரத்பூரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ் 1990களில் கழுகுகள் கிளைகளில் தலை தொங்கியபடி உட்கார்ந்திருப்பதையும் பின்பு விழுந்து சாவதையும் பதிவு செய்த பிறகே நாடெங்கும் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது என்று அந்தக் கணக்கு சொன்னது. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று எஞ்சியது. இந்த இனத்தை மிக அருகியது என்று 2000ஆம் ஆண்டில் வகைப்படுத்தியபோது பறவைகள் அப்போதும் ஆயிரக்கணக்கில் இருந்தன. எண்ணிக்கையைப் பார்த்துக் காத்திருந்தால் அந்த அறிவிப்பு இன்னும் பல ஆண்டுகள் தாமதித்திருக்கும். கண்ணெதிரே கூட்டமாகத் தெரியும் ஓர் இனத்தைக்கூட அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்க முடிகிறது என்பதே இந்த அளவுகோலின் பயன்.

கடற்கரை வாசகர்களுக்கு இது பழக்கமான காட்சியாகவே இருக்கும். பங்குனி ஆமை ஆண்டுதோறும் நம் கரைக்கு முட்டையிட வருகிறது. ஒடிசாவில் லட்சக்கணக்கில் கரையேறுகிறது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதன் தெற்கேயுள்ள கரையிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, ‘இத்தனை ஆமைகள் இருக்கின்றன என்றால் அது எப்படி அழிவாய்ப்புள்ள இனம்?’ என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் குற்றமில்லை. ஒரு தலைமுறை வளர்ந்து முட்டையிட வருவதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் உயிரினத்தில், வளர்ந்த ஆமைகள் இழுவலைகளில் சிக்கிச் சாகும் விகிதம்தான் அதன் நிலையைத் தீர்மானிக்கிறது என்று செய்தி சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

நம் மாநில விலங்கான வரையாடு இதற்கு நேர்மாறான வழியில் பட்டியலுக்கு வந்தது. அது நெடுங்காலமாகவே எண்ணிக்கையில் சிறிய இனம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டு, கேரளப் பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. 2025இல் இரு மாநிலங்களும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,303 ஆடுகளும் கேரளத்தில் ஏறக்குறைய அதே அளவும் இருப்பதாகத் தெரிய வந்தது. மொத்தம் இரண்டாயிரத்து அறுநூறைச் சற்றே தாண்டும் இந்தக் கூட்டம் ஒரே இடத்தில் இல்லை. முக்கூர்த்தி, இரவிகுளம், ஆனைமலை, அதற்குத் தெற்கே தனித்தனி முகடுகள் என்று மந்தைகள் பிரிந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றை இணைத்த புல்வெளிகளில் தைலமரமும் சீகையும் நட்டுவிட்டோம். தேயிலைத் தோட்டமும் சாலையும் வந்துவிட்டன. ஒரு முகட்டில் நோய் பரவி ஆடுகள் மடிந்தால் பக்கத்து முகட்டிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப வழியில்லை. வரையாடு அருகிய இனம்; அதற்கு வேண்டியது புல்வெளி. கழுகுக்கு வேண்டியது வேறு. இரண்டையும் ‘அரிய வகை உயிரினம்’ என்ற ஒரே சொற்றொடரில் எழுதி முடிக்கும்போது, எதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் மயில் பயிரைத் தின்கிறது என்று உழவர்கள் முறையிடுவது நாள்தோறும் கேட்கும் பேச்சு. மயிலைத் தொட்டால் சிறை என்பதால் அது அழிந்துவரும் பறவை என்று அவர்கள் நினைக்கிறார்கள். சிவப்புப் பட்டியலில் மயில் அச்சுறுத்தல் எதிலும் இல்லாத, கவலை குறைந்த இனம். அது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நாட்டின் தேசியப் பறவை என்ற இடம் அதற்கு உண்டு. சட்டத்தின் அட்டவணை நாடாளுமன்றமும் அரசும் முடிவு செய்வது. சிவப்புப் பட்டியல் அறிவியலாளர்கள் மதிப்பிடுவது. முன்னதற்குக் காவலும் தண்டனையும் உண்டு. பின்னதற்கு எந்த நாட்டிலும் தன்னளவில் சட்ட வலிமை கிடையாது. இரண்டும் பல இனங்களில் ஒத்துப்போகலாம், சிலவற்றில் விலகியும் நிற்கலாம். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ‘அழிவின் விளிம்பில் சிட்டுக்குருவி’ என்று எழுதுகிறோம். அதுவும் கவலை குறைந்த இனமாகவே மதிப்பிடப்பட்டிருக்கிறது. நகரத்து வீதிகளில் குருவி குறைந்தது உண்மையான இழப்பு, அதைப் பற்றி எழுதவும் வேண்டும். ஆனால் உலகிலிருந்தே மறைந்துகொண்டிருக்கும் பறவைக்கும் நம் தெருவிலிருந்து விலகிய பறவைக்கும் ஒரே தலைப்பைக் கொடுத்தால், உண்மையிலேயே விளிம்பில் நிற்கும் ஒன்றைப் பற்றி எழுதும்போது வாசகர் அதையும் வழக்கமான செய்தியாகவே கடந்துபோவார்.

பாறுக் கழுகும் சட்டத்தின் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது. அதைக் கொன்றவருக்கு மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை உண்டு. ஆனால் ஆயிரத்தில் 999 கழுகுகள் செத்ததற்கு ஒருவரையும் அந்தச் சட்டத்தின்கீழ் நிறுத்தியிருக்க முடியாது, ஏனென்றால் அவற்றைக் கொல்ல யாரும் நினைக்கவில்லை. அந்தச் சாவு மாட்டுக்குப் போட்ட ஊசியில் இருந்தது. இதை என் தொழிலைச் சேர்ந்தவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது என்று நம்புகிறேன்.

மடிநோய் கண்டு பால் மரத்துப்போன பசு, கால் வீங்கிப் படுத்துவிட்ட எருது, கன்று ஈன்ற பிறகு காய்ச்சலில் தீனி எடுக்காத எருமை ஆகியவற்றுக்கு வலியும் வீக்கமும் தணிய ஓர் ஊசி போடுவது அன்றாட வைத்தியம். 1990களில் அதற்கு மலிவாகவும் உடனே பலன் தருவதாகவும் கிடைத்த மருந்து டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு அதனால் கேடில்லை. போட்ட மறுநாள் மாடு எழுந்து நின்றால் வீட்டுக்காரர் மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் எல்லா மாடும் எழுவதில்லை. ஊசி போட்ட ஓரிரு நாளில் செத்துப்போன மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சதையிலும் மருந்து தங்கியிருக்கும். அதை ஊர் எல்லையில் போட்டால் கழுகுகள் இறங்கும். தின்ற கழுகின் சிறுநீரகம் சில நாளில் செயலிழந்து, வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடம்புக்குள்ளேயே படியத் தொடங்கும். இப்படிச் செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைப் படலம் இருக்கும். ஒரு பிணத்தைச் சுற்றிப் பல பத்துக் கழுகுகள் ஒன்றாக உண்பதால், நஞ்சேறிய பிணங்கள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே நாடெங்கும் நடந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று 2004இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு மருத்துவரும் தாம் போட்ட ஊசிகளில் மிகச் சிலவே இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணி ஆறுதல் அடைய முடியாதபடி செய்த கணக்கு அது.

இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்த ஆய்வு, அமெரிக்க ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில் பாகிஸ்தானில் நடந்து, 2004 தொடக்கத்தில் வெளியானது. அதற்கு முன்னால் நோய்க்கிருமி என்றும் பூச்சிக்கொல்லி என்றும் உணவுத் தட்டுப்பாடு என்றும் பலவாறு ஐயுற்றார்கள். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. தடை வந்ததும் பயன்பாடு நின்றுவிடவில்லை. மனிதருக்கென்று தயாரிக்கப்பட்ட அதே மருந்து பல வேளைக்குப் போதுமான பெரிய குப்பிகளில் மருந்துக் கடைகளில் கிடைத்தது. அது மாட்டுத் தொழுவத்துக்கும் போயிற்று. மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட குப்பியில் அடைக்கக் கூடாது என்று 2015இல் ஆணை வந்த பிறகுதான், ஒரு மாட்டுக்குச் சிறு குப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக உடைக்க வேண்டிய நிலை ஏற்பட்டு அந்த வழி ஓரளவு அடைபட்டது. அந்த ஆணையை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. கழுகுகளைக் காத்ததில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத் தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அதற்குள் வேறு மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. கீட்டோபுரோஃபென் கழுகைக் கொல்லும். ஏசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். இவ்விரண்டையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2023இல் தடை செய்யப்பட்டது. அடுத்து நிமசுலைடும் தடைக்கு உள்ளானது. பறவை மிக அருகியது என்று அறிவிக்கப்பட்டது 2000இல் என்பதை இந்த ஆண்டுகளோடு சேர்த்துப் பாருங்கள். காரணம் தெரிய நான்கு ஆண்டு, முதல் தடைக்கு ஆறு ஆண்டு, குப்பியின் அளவைக் குறைக்கப் பதினைந்து ஆண்டு, மாற்றாக வந்த மருந்துகளை நிறுத்த இருபது ஆண்டுக்கு மேல். பட்டியலில் சேர்ப்பது பாதுகாப்பின் தொடக்கம்கூட இல்லை, அது எச்சரிக்கை மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்த இனத்தின் வரலாறும் காட்டுவதாக எனக்குத் தெரியவில்லை.

இனி எண்ணிக்கையைப் பற்றி. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலக் காடுகளில் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுக் கழுகுகளும் அதே ஆண்டு டிசம்பரில் 320 கழுகுகளும் பதிவாயின. ‘கழுகுகள் அதிகரிப்பு’ என்று உடனே எழுதத் தோன்றும். பாறுக் கழுகு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்; அந்தக் குஞ்சு பிழைத்து வளர்ந்து கூடு கட்ட ஏறக்குறைய ஐந்தாண்டு ஆகும். அப்படிப்பட்ட பறவை பத்து மாதத்தில் 246இலிருந்து 320 ஆகப் பெருக இயலாது. பார்த்த இடங்கள் கூடின, பார்த்தவர்கள் தேர்ந்தார்கள், பருவம் வேறு என்பவையே பெரும்பாலும் அதற்கு விளக்கமாக இருக்க முடியும். நல்ல செய்திதான், முன்பு தெரியாத பறவைகள் இருப்பது தெரிய வந்திருக்கிறது. ஆனால் ஆபத்து குறைந்ததற்கு அது சான்று ஆகாது. சிவப்புப் பட்டியலின் விதிகளும் இந்த எச்சரிக்கையோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் இனத்தின் நிலை மோசமானால் மேல்படிக்கு உடனே மாற்றலாம். கீழ்ப்படிக்கு இறக்க வேண்டுமானால், மேல்படிக்குரிய எந்த அளவுகோலும் தொடர்ந்து ஐந்தாண்டு பொருந்தாமல் இருந்திருக்க வேண்டும். ஓராண்டுக் கணக்கை வைத்து மீண்டுவிட்டது என்று அறிவிக்க அந்த விதிகள் இடம் தருவதில்லை. செய்தித்தாளும் இடம் தராமல் இருப்பது நல்லது.

பட்டியல் பெரும்பாலும் உலகம் முழுவதையும் ஒன்றாகப் பார்த்துத் தயாரிக்கப்படுவது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடற்பசு உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனம். ஆஸ்திரேலியக் கடலில் அது இன்னும் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அந்த மதிப்பீடு. பாக் விரிகுடாவில் எஞ்சியிருப்பது மிகச் சிறிய கூட்டம். அதற்காகத்தான் 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் அர்ச்சகர் கையில் உணவு கொள்ள வந்த பறவைகள் மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று பரவிக் கிடக்கும் அந்த இனம் அருகியது என்ற படியில் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் அதன் வருகை 1990களோடு நின்றுபோயிற்று. உலகப் பட்டியலில் ஒரு படி இருக்க, உள்ளூரில் அந்த உயிரினம் முழுதாக இல்லாமலே போயிருக்கலாம். ‘தரவு போதாதவை’ என்று ஒரு வகையும் பட்டியலில் உண்டு. அதில் இருப்பவை பாதுகாப்பாக இருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதே பல சமயம் அதன் பொருள்.

இந்தப் பறவையால் மனிதருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கழுகுகள் இருந்தால் சில மணி நேரத்தில் எலும்புக்கூடாகியிருக்கும் பிணங்கள், அவை இல்லாமற்போனதும் நாள்கணக்கில் அழுகிக் கிடந்தன. நாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. கழுகுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் அவை முன்பே குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று, 2000 முதல் 2005 வரையான காலத்தில் கூடுதலாகச் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் போயின என்று மதிப்பிட்டது. ஆயினும் ஓர் இனம் பயனுள்ளதா என்ற கேள்வியைச் சிவப்புப் பட்டியல் கேட்பதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மலையில் மட்டும் முளைக்கும், எவருக்கும் பெயர்கூடத் தெரியாத செடிக்கும் கழுகுக்கும் அங்கே அளவுகோல் ஒன்றே. அது சரியென்றே நான் நினைக்கிறேன்.

மாயாற்றங்கரையின் நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறு இன்றும் கூடு கட்டுகிறது. நாட்டின் தென்கோடியில் எஞ்சியிருக்கும் கூட்டம் அது. அந்தக் காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் தொழுவங்களில் எந்த மருந்து போடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது இருக்கும் அல்லது போகும். சுற்றுவட்டாரக் கால்நடை மருந்தகங்களிலும் மருந்துக் கடைகளிலும் வீடு வீடாகச் சென்று ஊசி போடுபவர்களிடமும் இன்று என்ன இருக்கிறது என்று தங்கள் செய்தியாளர் ஒருவர் விசாரித்து எழுதினால், பத்துக் கணக்கெடுப்புச் செய்திகளைவிட அது அந்தப் பறவைக்கு உதவும். புலியோ காட்டுநாயோ கால்நடையை அடித்துவிட்டால் ஆத்திரத்தில் அந்தப் பிணத்தில் நஞ்சு வைப்பது இன்னும் அற்றுப்போகவில்லை. அந்தப் பிணத்துக்கும் முதலில் இறங்குவது கழுகுதான். இழப்பீடு உரிய காலத்தில் வீட்டுக்காரர் கைக்குக் கிடைக்கிறதா என்பதும் அதனால் கழுகுச் செய்தியின் ஒரு பகுதியே. இது வனத்துறையை மட்டும் கேட்டு எழுதி முடிக்கக்கூடிய செய்தி அன்று.

அச்சுறுத்தலுக்கு உள்ளான எந்த உயிரினத்தைப் பற்றி எழுதினாலும் அது எந்தப் படியில் இருக்கிறது, எந்த ஆண்டு மதிப்பீட்டின்படி, என்ன காரணத்தால் என்ற விவரங்களைச் சேர்க்கும்படி தங்கள் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். மதிப்பீடு பத்தாண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் அதையும் குறிப்பிடலாம். இரண்டு வரிக்கு மேல் இதற்கு இடம் தேவைப்படாது.

வேளாண்மைப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கழுகுகளுக்குக் கேடு செய்யாதவை என்று சோதித்து உறுதி செய்யப்பட்ட வலிநிவாரணிகள் மெலாக்சிகாமும் டோல்ஃபெனமிக் அமிலமும். இரண்டும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கின்றன, மாட்டுக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், நிமசுலைடு ஆகியவற்றைக் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. இந்த ஆறு பெயர்களையும், வலிநிவாரணி ஊசி போட்டு ஓரிரு நாளில் இறந்த மாட்டை வெளியில் போடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பதையும், மழைக்காலம் தொடங்கி மடிநோய் கூடும் மாதங்களில் ஒரு சிறு கட்டத்தில் திரும்பத் திரும்ப வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.